முற்றுகையும் வந்த வழியும்: மேரி கொல்வினின் போர்ச் செய்தி எழுத்து பற்றிய ஒரு மதிப்பீடு

சபரகமுவைத் தோட்டங்களுக்கு உலகப் போர்ச் செய்தி புதிதன்று. 1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயா யப்பானியர் கைப்பட்டபோது, நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பர் நிலங்களுள் முதன்மையானதாக இலங்கை நின்றது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் பால் வெட்டும் கத்தி அதற்கு முன் செல்லாத ஆழத்துக்குச் சென்றது. மரம் பட்டுப்போனாலும் பால் வரவேண்டும் என்பதே அந்நாளைய கட்டளை. 1950 இல் கொரியப் போர் மூண்டதும் றப்பர் விலை ஏறியது; அது இறங்கியபின் 1952 இல் சீனத்தோடு அரிசிக்கு றப்பர் என்னும் உடன்படிக்கை எழுந்தது. இவை யாவற்றினும் பெரிய வெளிநாட்டுச் செய்தி 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் வந்தது. 975,000 என்று கணக்கிடப்பட்ட மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதென்றும் இரு நாட்டுப் பிரதமர்களும் முடிவு செய்தனர். தம் பிள்ளைகள் எந்நாட்டினர் என்பதனை லயத்தில் வாழ்ந்தோர் பத்திரிகையின் வெளிநாட்டுப் பகுதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆயினும் அத்தோட்டங்களைத் தேடிப் போர் நிருபர் எவரும் வருவது வழக்கமன்று. வெடியோசை கேட்கும் இடமே அவர்தம் களம். இந்த வழக்கம் எங்கே நன்மை செய்கின்றது, எங்கே குறைபடுகின்றது என்பதை ஆராய்தற்கு ஏற்ற சான்று மேரி கொல்வினின் எழுத்துப்பணியாகும். அவர் 2001 இல் வன்னியில் நின்று எவருடைய பசியை எழுதினாரோ, அம்மக்களுட் கணிசமானோர் முன்னொரு காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள். இரத்தினபுரியிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆகவே இலண்டன் ஏடொன்றில் எழுதிய ஓர் அமெரிக்கப் பெண்மணியின் எழுத்தினைச் சபரகமுவையில் இருந்துகொண்டு மதிப்பிடுதல் பொருத்தமற்ற முயற்சி ஆகாது.

கொல்வின் 1956 சனவரி 12 அன்று நியூயோர்க்கிற் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்று 1978 இல் பட்டம் பெற்றார். அவருடைய முதல் எழுத்துப்பணி நியூயோர்க்கில் ஒரு தொழிற்சங்கத்தின் செய்தி மடலில் அமைந்தது என்பது பலரும் கவனியாத செய்தி. பின்னர் யூ.பி.ஐ. செய்தி நிறுவனத்திற் சேர்ந்து, 1984 இல் அதன் பாரிஸ் அலுவலகத்திற்குத் தலைமை ஏற்றார். 1985 இல் இலண்டன் 'சண்டே ரைம்ஸ்' வார ஏட்டுக்கு வந்தார். அடுத்த ஆண்டு மத்திய கிழக்கு நிருபரும், 1995 இல் வெளிநாட்டு விவகார நிருபரும் ஆனார். இறக்கும் வரை அவ்வேட்டிலேயே எழுதினார்.

யேலில் அவர் பெற்ற பேறு ஜோன் ஹேர்சியின் வகுப்பு. ஹேர்சியின் 'ஹிரோஷிமா' 1946 ஓகஸ்ட் 31 ஆம் நாளிட்ட 'நியூயோர்க்கர்' இதழ் முழுவதையும் நிரப்பிக்கொண்டு வெளிவந்தது. அணுகுண்டின் ஆற்றலை அவர் விளக்க முற்படவில்லை. ஆறு மனிதரைத் தெரிந்துகொண்டார். குண்டு விழுந்த கணத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதிலிருந்து தொடங்கினார். அலுவலகத்தில் அமர்ந்திருந்த எழுத்தர், மருத்துவர், தையல் தொழிலால் பிள்ளைகளைக் காத்துவந்த கைம்பெண் என்றவாறு அவ்வறுவரும் பாதிக்கப்பட்டோர் என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்துபோகாது, தத்தம் வாழ்க்கையோடு நிற்கின்றனர். படைகளை விடுத்து மனிதரை எழுதுக என்னும் பாடத்தைக் கொல்வின் இவரிடமே கற்றார் எனலாம். அப்பாடத்தின் ஒரு பாதியை அவர் மிகச் சிறப்பாகக் கடைப்பிடித்தார். மற்றப் பாதி அவருக்குக் கைகூடியதா என்பதே ஈண்டு எழும் வினா.

கைகூடிய பாதியை முதலில் நோக்குதல் முறை. 1987 இல் பெய்ரூத் நகரின் புறத்தே புர்ஜ் அல் பராஜ்னே என்னும் பலஸ்தீன அகதி முகாம் அமல் இயக்கத்தினரால் முற்றுகையிடப்பட்டிருந்தது. உணவுக்காக வெளியே செல்லும் பெண்களை மறைந்திருந்து சுட்டனர். கொல்வினும் புகைப்படக் கலைஞர் ரொம் ஸ்டொடார்ட்டும் அம்முகாமுள் நுழைந்தனர். சுடப்பட்டு வீழ்ந்த ஓர் இளம் பெண்ணை ஏனைய பெண்கள் இழுத்துவந்ததையும், மருத்துவர் போராடியும் அவள் உயிர் பிரிந்ததையும் கொல்வின் எழுதினார். செய்தி வெளியாகிச் சில நாள்களில் முற்றுகை தளர்ந்தது. ஒரு கட்டுரையே அதனைத் தளர்த்தியது என்று சொல்லுதல் மிகை. லெபனானில் அந்நாள் சிரியா ஆடிய ஆட்டம் பல காய்களை உடையது. எனினும் 'முகாம்' என்ற சொல்லாக மட்டும் உலகம் அறிந்திருந்த இடத்தில் ஒரு பெண்ணின் முகம் தோன்றியது அவ்வெழுத்தால்தான்.

1999 செப்ரெம்பரில் கிழக்குத் தீமோரின் தலைநகரான டிலியில், ஐக்கிய நாடுகள் வளாகத்துள் ஏறத்தாழ 1,500 பேர் அடைக்கலம் புகுந்திருந்தனர். பெரும்பாலோர் பெண்களும் சிறுவரும். வெளியே ஆயுதக் குழுக்கள். ஐ.நா. ஊழியர் வெளியேற முற்பட்டனர். நிருபருட் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். கொல்வினும் ஒல்லாந்துப் பெண் நிருபர் இருவரும் அங்கேயே தங்கி உலகுக்குச் செய்தி அனுப்பினர். அடைக்கலம் புகுந்தோரைக் கைவிட்டுச் செல்லும் எண்ணம் கைவிடப்பட்டது. அம்மக்கள் உயிரோடு வெளியேற்றப்பட்டனர். செய்தி எழுதுவது உயிர் காக்குமா என்னும் பழைய ஐயத்துக்குப் போர்ச் செய்தி வரலாற்றில் இதனினும் தெளிவான விடை அரிது.

இவ்விரண்டையும், பின்வந்த மிஸ்ராத்தா, ஹொம்ஸ் முதலியவற்றையும் சேர்த்து நோக்கின், கொல்வினின் சிறந்த எழுத்துக்கள் பெரும்பாலும் ஒரே வடிவினவாதல் புலப்படும். அவ்வடிவம் முற்றுகை. மூடிய ஓரிடம், எண்ணக்கூடிய மக்கள், குறைந்துகொண்டே செல்லும் மாவு, மருந்து, எரிபொருள், தூக்கமற்ற ஒரு மருத்துவர், வெளியே துப்பாக்கி. நாடகத்துக்குச் சொல்லப்படும் கால ஒருமையும் இட ஒருமையும் இங்கே தாமாகவே அமைந்துவிடுகின்றன. வாசகன் மதிலுக்குள் புகுந்தபின் வெளியேற இயலாது. வார ஏட்டின் ஒரு பக்கத்துக்குள் இவ்வளவு வலிமையை அடக்குதல் எளிதன்று. அவர் நடையிலும் வீண் அலங்காரம் இல்லை. சிறு வாக்கியம், கண்ட பொருள், கேட்ட சொல் என்று செல்லும் நடை அது. பொதுநிலை பேசும் மூத்த நிருபர் பலரின் எழுத்து இன்று ஏட்டுச் சுவடியாய்க் கிடக்க, கொல்வினின் எழுத்து இன்றும் படிக்கப்படுவதற்கு இவ்வடிவமே காரணம்.

ஆயின் மதில் பார்வையைக் கூர்மையாக்குவது போலவே குறுக்கவும் செய்யும். வன்னிச் செய்தியில் இது தெளிவாகின்றது.

2001 ஏப்ரலில் கொல்வின் அரசின் தடையை மீறி வன்னிக்குள் சென்றார். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் 1995 க்குப் பின் சென்ற முதல் வெளிநாட்டு நிருபர் அவர் என்பர். உணவும் மருந்தும் எரிபொருளும் தட்டுப்பட்ட நிலையில் வாழ்ந்த இடம்பெயர்ந்தோரைக் கண்டார், சு. ப. தமிழ்ச்செல்வனைச் செவ்வி கண்டார். காட்டு வழியே நடந்து, ஏப்ரல் 16 ஆம் நாள் இரவு அரசுப் படையினரின் பகுதிக்குள் திரும்புகையில் சுடப்பட்டார். தாம் ஒரு பத்திரிகையாளர் என்று உரக்கக் கூவியபின்னும் குண்டு வெடித்தது. சிதறல்கள் பாய்ந்து இடக்கண் பார்வை போயிற்று. மருத்துவமனையில் இருந்துகொண்டே மூவாயிரம் சொல் அளவினதான தம் கட்டுரையைக் காலந்தவறாது அனுப்பினார். அஞ்சாமைக்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் கருதற்பாலது. உலகச் செய்தியாக ஓடியது வன்னியின் பசி அன்று; கொல்வினின் கண். கறுப்புத் துணியால் மூடிய அக்கண் பின்னர் அவருடைய அடையாளமாகவே ஆயிற்று. 2018 இல் அவர் வாழ்க்கை திரைப்படமானபோதும் அதுவே முன்னின்றது. இதற்கு அவரைக் குறைகூறுதல் நீதியன்று. காயம் அவர் தேடிக்கொண்ட விளம்பரம் ஆகாது. ஆயினும், கண்டவர் முதன்மை பெறுகையில் காணப்பட்டவர் பின்னிலை அடைவர் என்பது தன்மையிடத்தில் எழுதப்படும் போர்ச் செய்தியில் உள்ளார்ந்த ஆபத்து. ஹேர்சி தம் நூலிலே தாம் தோன்றாதவாறு எழுதினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளல் தகும்.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு தரப்பின் வழித்துணையோடு செல்பவர் அத்தரப்பு திறந்துவிடும் கதவுகளின் வழியே காண்பார். ஓரிடத்தில் நிற்பவருக்கு அங்கிருந்து அகற்றப்பட்டவர் தெரியார். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் 2001 இல் புத்தளத்துக் குடிசைகளில் இருந்தனர். அங்கே நிற்பவர் எங்கிருந்து வந்தனர் என்பதும் அவ்வாறே கண்ணுக்குப் புலப்படுவதன்று. வன்னி மண்ணிற் பசித்திருந்தோர் யாவரும் செய்தித்தாளுக்கு 'இடம்பெயர்ந்த தமிழர்' ஆயினர். அச்சொல் பொய்யன்று. ஆனால் ஒரு முறை இடம்பெயர்ந்தவருக்கும் நான்கு முறை இடம்பெயர்ந்தவருக்கும் அதுவே பெயர்.

நான்கு முறை என்பது மிகையன்று. தோட்டங்களிலிருந்து வன்னி நோக்கிய நடை போருக்கு முன்னரே தொடங்கியது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்திலும், 1972 க்கும் 1975 க்கும் இடையே தோட்டங்கள் அரசுடைமையானபோது எழுந்த குழப்பத்திலும் பல குடும்பங்கள் வேலையும் லயமும் இழந்து வடக்கே சென்றன. 1977 ஓகஸ்டில் நாடெங்கும் எழுந்த வன்முறை மேலும் பலரை விரட்டியது. அவ்வன்முறையை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980 இல் அச்சேறிற்று. அதற்கு அடுத்த ஆண்டு ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை வட்டாரத் தோட்டங்களே தாக்கப்பட்டன. பொருளும் புகலும் இழந்தோர் தேயிலைச் செடிகளுக்கிடையிலும் கோயில்களிலும் ஒளிந்திருந்து, பின்னர் வவுனியாவுக்குப் பயணமாயினர். 1983 யூலைக்குப் பின் சென்றவர் இன்னும் பலர்.

அவ்வாறு சென்றோரை ஏற்றுக் குடியமர்த்தியவற்றுள் ஒன்று காந்தியம் இயக்கம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதனை நடத்தினர். இருவரும் 1983 இல் கைதாயினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைப் படுகொலையிற் கொல்லப்பட்டார். குடியேறியோர் பலருக்கு அங்கும் நிலைபேறு இல்லை. கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து 1984 இல் தோட்டத் தமிழர் வெளியேற்றப்பட்டுச் சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று புலிகள் அவர்களைக் கொன்றனர். றப்பர் மலையில் தொடங்கிய ஒரு கதை இவ்வாறு போர்க்களத்தின் நடுவே போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் மூவாயிரம் சொற் கட்டுரையிற் கொல்வின் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. கேட்க வேண்டிய வினா வேறு. ஹேர்சியின் ஆறு மனிதருக்கும் குண்டுக்கு முந்திய ஒரு காலை உண்டு. அந்தக் காலைதான் அவர்களை மனிதராக்குகின்றது. கொல்வினின் வன்னி மனிதருக்கு அத்தகைய காலை இல்லை; முற்றுகைக்குள் புகுந்தபின்னரே அவர்கள் வாசகனுக்குப் பிறக்கின்றனர். ஹேர்சியிடம் அவர் பெறாத மற்றப் பாதி இதுவே. வார ஏட்டின் அவசரமும் காட்டு வழியின் ஆபத்தும் காரணமாகலாம். முற்றுகை என்னும் வடிவமே அதனை வேண்டாது தள்ளுகின்றது என்பது இன்னும் ஆழமான காரணம். மதிலுக்குள் வரலாறு நுழைந்தால் நாடகத்தின் இறுக்கம் தளரும்.

இதற்கு மாறான முறையைக் கையாண்டவராகத் தர்மரத்தினம் சிவராமைச் சுட்டலாம். மட்டக்களப்பிற் பிறந்து, பேராதனையிற் படிப்பை இடைநிறுத்தி, புளொட் இயக்கத்திற் பணியாற்றி, 1989 முதல் 'தராக்கி' என்னும் புனைபெயரில் ஆங்கில ஏடுகளில் எழுதிய அவர், நிலத்தையும் வழிகளையும் உள்ளிருந்து அறிந்தவர். எந்தக் குளத்துக்கும் எந்தச் சந்திக்கும் ஏன் படைகள் போரிடுகின்றன என்பதனை அவர்போல் விளக்கியோர் குறைவு. வரலாறு அவர் எழுத்தில் நிறைய உண்டு. ஆயின் அவ்வரலாறு பெரிதும் படைவலியின் வரலாறு. அவர் எழுத்தின் நடுவில் நிற்பது படம், தொகை, வியூகம். முன்னாட் போராளி ஒருவர் நடுநிலையான நோக்கராதல் கூடுமா என்று அவர் வாழ்நாளிலேயே கேட்டனர், அவ்வினா தள்ளத்தக்கதன்று. 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியிற் கடத்தப்பட்டு மறுநாள் பாராளுமன்றத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். கொல்வினிடம் மனிதர் உண்டு, வழி இல்லை. சிவராமிடம் வழி உண்டு, அதில் நடந்த குடும்பங்கள் அரிது. இருவருள் ஒருவரைத் தாழ்த்துவதற்கு இது கூறப்படவில்லை. ஒருவர் கண்ணையும் மற்றவர் உயிரையும் இந்நாட்டிற் கொடுத்தனர்.

2009 மே மாதத்து நிகழ்ச்சியையும் தொடாது விடுதல் இயலாது. போரின் இறுதி நாள்களில் புலிகளின் அரசியற் பொறுப்பாளர் நடேசனும் புலித்தேவனும் கொல்வினைத் தொலைபேசியில் அழைத்து, தாங்கள் சரணடைய விரும்புவதை ஐக்கிய நாடுகளுக்கு அறிவிக்குமாறு வேண்டினர். அவரும் அறிவித்தார். மே 18 அன்று அவர்கள் இறந்துகிடந்தனர். காண்பவராய் இருக்க வேண்டிய நிருபர் தூதராகலாமா என்று சிலர் வினவினர். உயிர் காக்கும் சொல்லைக் கொண்டுசெல்லுமாறு வேண்டப்பட்ட ஒருவர் தம் தொழிலின் இலக்கணத்தைச் சொல்லி மறுத்திருப்பாராயின், அவ்விலக்கணத்தால் யாருக்கு என்ன பயன்? இதிற் கொல்வினின் முடிவு சரியானதே. ஆனால் அக்கரையோரத்தில் அந்நாள்களில் தொலைபேசி இல்லாத பல்லாயிரவர் இருந்தனர். கூடாரங்களுக்கு அடியில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த அவர்களுள், ஒரு காலத்தில் காவத்தையில் பால் வெட்டிய கைகளும் இருந்திருக்கும்.

2010 நவம்பரில் இலண்டன் செயின்ற் பிரைட் தேவாலயத்தில், உயிரிழந்த நிருபரை நினைவுகூர்ந்து கொல்வின் ஆற்றிய உரை அவருடைய எழுத்துக்களுள் தனியே வைத்து எண்ணத்தக்கது. போர்ச் செய்தி எதனையேனும் மாற்றுகின்றதா, கொடுக்கும் விலைக்கு அது தகுமா என்னும் வினாக்களைத் தம்மை நோக்கியே எழுப்பி, சொல்லப்படுவதைக் கேட்கச் சிலரேனும் உளர் என்னும் நம்பிக்கையில் ஊன்றி நின்றார். பதினைந்து மாதத்தின் பின், 2012 பெப்ரவரி 22 அன்று, சிரியாவின் ஹொம்ஸ் நகரத்துப் பாபா அம்ர் பகுதியில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ரெமி ஒக்லிக்குடன் எறிகணை வீச்சில் மாண்டார். முந்திய நாள் ஒரு குழந்தை இறப்பதைத் தாம் கண்டதை உலக வானொலி, தொலைக்காட்சிகளுக்குக் கூறியிருந்தார். 2019 சனவரியில் அமெரிக்க நீதிமன்றமொன்று அத்தாக்குதலுக்குச் சிரிய அரசே பொறுப்பு எனத் தீர்த்தது.

அவருடைய கட்டுரைகள் அவர் இறந்த ஆண்டிலேயே தொகுக்கப்பட்டு நூலாயின. அத்தொகுதியை இலங்கை மாணவர் படிக்கும்போது, முதலில் வியந்து படிக்க. பின்னர் ஒவ்வொரு முற்றுகைக்குள்ளும் நிற்கும் மனிதரை நோக்கி, இவர் இங்கே வருமுன் எங்கிருந்தார் என்று கேட்டுப் பார்க்க. வன்னிக் கட்டுரைக்கு அவ்வினாவின் விடை இலண்டனில் இல்லை. ஒரு பகுதி இரத்தினபுரியில் இருக்கின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில், 1964 உடன்படிக்கையின் பின் நிரப்பப்பட்ட விண்ணப்பத்தின் படியில், கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்தோர் பெயரேட்டில், 1981 ஓகஸ்டுக்குப் பின் திரும்பிவராத மாணவரின் பெயர் வெட்டப்பட்ட தோட்டப் பள்ளி இடாப்பில் அது கிடக்கலாம். தோட்டப் பள்ளிகளின் பழைய இடாப்புகள் செல்லரித்து வருகின்றன. அக்காலத்தை நேரிற் கண்டோருள் இளையவருக்கும் இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது.

ஹேர்சி ஹிரோஷிமாவின் ஆறு மனிதரையும் மறந்துவிடவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றார். அவ்வறுவருக்கும் பின்னர் நேர்ந்ததை 1985 இல் அதே 'நியூயோர்க்கர்' இதழில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 71. கொல்வின் இறக்கும்போது அவருக்கு வயது 56.